நாலு ஸ்பூன்காரரின் முதல் விளைச்சல்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளன்று மட்டும் அது வெளியே வரும். கையெழுத்துப் போட்டு முடித்ததும் மறுபடி உள்ளே போய்விடும். மற்ற நாட்களில் அவள் உறிஞ்சக்கா. காப்பி வறுவல் கூடத்தில் மூட்டை இறக்குகிறவருக்கும் உறிஞ்சக்கா, அவளைவிட வயதில் மூத்த முதலாளியம்மாவுக்கும் உறிஞ்சக்கா.

பெயர் வந்த காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. காப்பியை ருசி பார்த்துச் சொல்கிற வேலை செய்கிறவர்கள் நம்மைப்போல மரியாதையாகக் குடிக்க மாட்டார்கள். வரிசையாக வைத்த வெள்ளைக் கிண்ணங்களில் குழிந்த ஸ்பூனை விட்டு அள்ளி, உதட்டருகே கொண்டுபோய், காற்றும் காப்பியுமாக ஒரே இழுப்பில் உறிஞ்சுவார்கள். அப்படி உறிஞ்சினால்தான் அது தூறலாகத் தெறித்து நாக்கு முழுக்கப் பரவி, மூக்கின் பின்வாசல் வரைக்கும் போகுமாம். அந்த வேலையில் எல்லாரும்தான் உறிஞ்சுவார்கள். ஆனால் இவள் உறிஞ்சினால் பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சூப்போ தண்ணீரோ இருமல் மருந்தோ, எதைக் கொடுத்தாலும் உறிஞ்சல்தான். "இவளோட வெளியில போய் உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியுதா" என்று அவளுடைய அண்ணி, அதாவது கணவனின் அக்கா, தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தக் கூடத்தில் லேசான வறுவல் மட்டும்தான். காப்பிக்கொட்டை சூடேறும்போது இரண்டு முறை வெடிக்கும். முதல் வெடி படபடவென்று நன்றாகக் காதில் விழும். வேறு இடங்களில் அதையும் தாண்டி, இரண்டாவது வெடியும் கேட்டு, கறுத்து எண்ணெய் பூக்கிற வரைக்கும் வறுப்பார்கள். இங்கே முதல் வெடி ஓய்ந்ததும் இறக்கிவிடுவார்கள். கொட்டை பட்டை நிறத்தில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பாதி வெந்ததை எடுத்துக் கொடுக்கிறீர்களே என்று கேட்டுவிட்டால் போதும், உறிஞ்சக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கருக வறுத்தால் எந்த மலையில் விளைந்தாலும் ஒரே புகைதான், லேசாக வறுத்தால்தான் மலை தன் குணத்தோடு கிண்ணத்தில் வந்து உட்காரும் என்று பாடம் எடுத்துவிட்டுத்தான் ஆளை விடுவாள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொல்வாள்: இது உயரத்தில் விளைந்தது, குளிரில் பழம் நிதானமாகப் பழுத்திருக்கிறது. இது தாழ்வான சரிவு. இதைக் கழுவுகிற தொட்டியில் வேண்டிய நேரத்துக்கு மேல் ஊறப்போட்டுவிட்டு யாரோ தூங்கிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அந்த மலைகளில் ஒன்றையும் பார்த்ததில்லை. ஒரு காப்பிச் செடியைக் கையால் தொட்டதில்லை. சாக்கு மூட்டைகளின்மேல் மை வைத்து அச்சடித்த மலைப் பெயர்களோடு சரி. கூடத்து ஜன்னலைத் திறந்தால் அச்சகத்தின் பின்சுவர்தான் தெரியும். அதில் ஒரு தண்ணீர்க் குழாய் வருஷக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்த மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிய வேன்காரர்தான் அவள் கணவர் ஆனார். முதல் தடவை வந்தபோது, பாவம், வியர்த்துப் போயிருக்கிறாரே என்று முதலாளியம்மா ஒரு கப் காப்பி கொடுக்கச் சொன்னார். உயர்ந்த மலை, லேசான வறுவல், வடிகட்டித் தெளிவாகத் தேநீர் நிறத்தில் இருந்தது. மனிதர் அதைப் பார்த்துவிட்டு, பால் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு சர்க்கரை கேட்டார். ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே போய் நாலாவது ஸ்பூனில் நிறுத்தினார். அன்றோடு அவர் பெயரும் காலி. நாலு ஸ்பூன்காரர்.

உறிஞ்சக்கா அவரைத் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். வருகிற போதெல்லாம் ஒரு கிண்ணத்தைச் சர்க்கரை இல்லாமல் நீட்டி, என்ன பழத்து ருசி தெரிகிறது என்று கேட்பாள். நல்ல காப்பியில் பழ ருசி இருக்கும். ஒன்றில் திராட்சை, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் ஆப்பிள். அவர் ஒரு வாய் குடிப்பார். கண்ணை மூடுவார். கூரையைப் பார்ப்பார். நெற்றியைச் சுருக்குவார். கடைசியில், தீர்ப்பு சொல்கிற நீதிபதி மாதிரி ரொம்பப் பொறுப்பாகச் சொல்வார்: "காப்பி மாதிரி இருக்கு."

கல்யாணம் ஆகி வருஷங்கள் போன பிறகும் அதே பதில்தான். இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்தார்கள், பிறகு பேசாமலே ஓய்ந்தார்கள். மாடியில் இவர்கள் குடித்தனம். கீழே அண்ணி தையல் மெஷினோடு இருந்தாள். அண்ணிக்கு நாக்கு நீளம், மனசு அதைவிட நீளம். தம்பியைத் தாயில்லாமல் வளர்த்தவள் என்பதால் அவனைத் திட்டும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைப்பு. உறிஞ்சக்கா திட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

ஒரு தடவை நாலு ஸ்பூன்காரர் மலைப்பாதையில் ஏறிச் சரக்கு ஏற்றப் போனார். திரும்பி வந்த மனிதர் பழைய மனிதராக இல்லை. லாரி ஓட்டுகிற நண்பர் ஒருவருக்கு அங்கே ஒரு சரிவு சும்மா கிடக்கிறதாம், காப்பி நட்டுக்கொள் என்கிறாராம். இரண்டு நாள் சாப்பிடும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு.

"உனக்கு ருசி தெரியுது, மலை தெரியல. எனக்கு மலை தெரியுது, ருசி தெரியல. நீ உறிஞ்சுற கிண்ணத்துல ஒண்ணாவது நம்மளோடதா இருக்கட்டுமே" என்றார்.

அண்ணி கேட்டுவிட்டுச் சிரித்தாள். வளைகிற ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை வளராத செடியைப் பிடிக்கப் போகிறதாம் என்றாள். உறிஞ்சக்காவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் ஆசை ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். வேனை விட்டுவிட்டு மலையேறினார். கூடத்து வேலையை விட முடியாமல் அவள் கீழேயே தங்கினாள்.

காப்பிச் செடி நட்டதும் காய்க்காது. மூன்று, நாலு வருஷம் ஆகும். அந்த நாலு வருஷமும் அவர்கள் குடித்தனம் நடத்தியது போனில்தான். அதுவும் சரிவின் உச்சியில் இருந்த பாறைமேல் ஏறினால்தான் அவருக்குச் சிக்னல் கிடைக்கும். மழை என்றால் பேச்சில்லை. நிழலுக்கு மரம் வைத்தது, பன்றி வந்து கிளறியது, இலையில் மஞ்சள் புள்ளி விழுந்து இவர் தூக்கம் போனது, எல்லாம் பாறைமேல் நின்றுதான் சொன்னார். மூன்றாம் வருஷம் பூத்தது. ராத்திரியோடு ராத்திரியாகச் சரிவு முழுக்க வெள்ளையாகிவிட்டது, வாசனை தாங்க முடியவில்லை, இரண்டு நாளில் கொட்டிவிடும், கிளம்பி வா என்றார். கூடத்தில் அப்போதுதான் புதுச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. அடுத்த பூவுக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாள். அடுத்த பூவுக்கு முதலாளியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதற்கு அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பழம் பறிக்கிற சமயத்தில் ஒரு பெரிய கூத்து நடந்தது. சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும், ஒரு காய்கூடக் கலக்கக் கூடாது என்று இவள் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாலு ஸ்பூன்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு? தக்காளிச் சிவப்பா, செங்கல் சிவப்பா? பொழுது விடிந்தால் போன், பொழுது சாய்ந்தால் போன். கடைசியில் பொறுமை போய், "அண்ணி மெஷின் மேல ஒரு சிவப்பு நூல்கண்டு கிடக்குமே, அந்தச் சிவப்பு. அதுக்கு ஒரு சாயல் கம்மின்னாலும் மரத்துலயே விடுங்க" என்றாள். அடுத்த வாரமே மனிதர் கீழே வந்து, அக்காவிடம் கெஞ்சி அந்த நூல்கண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொரு பழத்துக்குப் பக்கத்திலும் நூல்கண்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துப் பறித்தாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். அண்ணிக்கு ரவிக்கை தைக்க நூல் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

அந்த நாட்களில்தான் இருவருக்கும் பந்தயம். முதல் கப்பை அவர் சர்க்கரை போடாமல் குடிக்க வேண்டும், குடித்துவிட்டு ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தன் பெயரையே மாற்றிக்கொள்வதாக அவர் சவால் விட்டார். அதைத்தான் ஏற்கெனவே மாற்றியாயிற்றே என்றாள் இவள். பாறைமேல் நின்று அவர் சிரித்தது காற்றோடு கலந்து கேட்டது. சிரிப்பின் முடிவில் கொஞ்சம் இருமல் வந்தது. உமித்தூசி என்றார். இவளும் உமித்தூசி என்றே நினைத்தாள்.

அரை மூட்டைக் கொட்டையோடு அவர் கீழே வந்து இறங்கியபோது, மூட்டையைத் தூக்க அவரால் முடியவில்லை. ஒரு காலத்தில் முழு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே வந்த மனிதர். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணிதான் முதலில் பயந்தாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நுரையீரலில் கட்டி. அங்கே தொடங்கி வேறு எங்கெங்கோ பரவிவிட்டிருந்தது.

வார்டில் ஒரு ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். சில நாள் கழித்து டாக்டர் உறிஞ்சக்காவையும் அண்ணியையும் வராந்தாவுக்கு அழைத்துப்போய், தன் கண்ணாடியைத் துடைத்தபடி, "என்ன கேக்குறாரோ குடுங்கம்மா. எதுக்கும் கட்டுப்பாடு வேண்டாம்" என்றார்.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். உறிஞ்சக்காவின் முகம் மலர்ந்தது. பத்தியம்கூட இல்லையாம், காப்பி கொடுக்கலாமாம் என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று தெருவில் போகிறவருக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலா இருந்தது? தெரிந்துகொள்ள மனசு வரவில்லை. அவ்வளவுதான். அவளைக் குறை சொல்கிறவர்கள் அந்த வராந்தாவில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனி அவளுக்கு ஒரே வேலைதான். அவர் விளைவித்த காப்பியை அவர் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அன்று மாலையே கூடத்துக்குப் போனாள். மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, கொட்டையை மூடியிருந்த உமியைக் கையாலேயே கசக்கி ஊதினாள். ருசி பார்ப்பதற்கென்று வைத்திருந்த சின்ன உருளையில் போட்டு அடுப்பை மூட்டினாள். முதல் வெடி அவள் காதில் தெளிவாக விழ வேண்டும் என்று முதலாளியம்மா பெரிய மெஷினை நிறுத்திவிட்டார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒரு வெடி. இன்னொன்று. பிறகு படபடவென்று. அது ஓய்ந்ததும் தட்டில் கொட்டி விசிறினாள். ஒரு கொட்டைகூடக் கருகவில்லை, ஒன்றுகூட வெளிறவில்லை. எல்லாம் ஒரே நிறம். நூல்கண்டு பிடித்துப் பறித்த பழமாயிற்றே.

இங்கேதான் அந்தத் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. வறுத்த கொட்டைக்குள் காற்று அடைந்திருக்கும். அது மெல்ல மெல்ல வெளியேறினால்தான் ருசி வெளியே வரும். கருக வறுத்தது பொக்கென்று இருப்பதால் சீக்கிரம் சரியாகிவிடும். லேசாக வறுத்தது இறுகிக் கிடக்கும். இரண்டு வாரமாவது மூடி வைக்க வேண்டும். அதுவரை குடித்தால் பச்சைப் பட்டாணி வாசனையும் வெறும் புளிப்பும்தான். கூடத்தில் அதற்கு, கொட்டை இன்னும் வாய் திறக்கவில்லை என்பார்கள். வாய் திறக்காததை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் முதலாளியம்மா கொன்றுவிடுவார்.

மறுநாள் உறிஞ்சக்கா ஒரே ஒரு கிண்ணம் போட்டுப் பார்த்தாள். நினைத்தபடியே பச்சை வாசனை. நாக்கைச் சுருட்டுகிற புளிப்பு. ஆனால் ஆறிய பிறகு கடைசி ஸ்பூனை உறிஞ்சியபோது, அடியில் எங்கோ, கண் சிமிட்டுகிற நேரம், ஆரஞ்சு. நல்ல பழுத்த ஆரஞ்சு. இது திறந்துகொண்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், நாலு ஸ்பூன்காரரே சொல்லிவிடுவார். இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு வாய் குடிப்பார். முகம் கோணும். நாலு வருஷம் பாறைக்கும் சரிவுக்கும் ஏறி இறங்கியது இதற்குத்தானா என்று வாய் விட்டுச் சொல்ல மாட்டார், உள்ளுக்குள் நினைப்பார். முதல் கப் என்பது ஒரு தடவைதான். அதைப் பாழாக்க அவளுக்கு மனமில்லை. கொட்டையை ஒரு டின்னில் போட்டு மூடினாள். என்ன பழம் என்று முதலாளியம்மா கேட்டதற்குக்கூடச் சொல்லவில்லை. அவர் வாயால்தான் அது முதலில் வர வேண்டும்.

வார்டில் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுது நம்ம காப்பி?"

"இன்னும் வாய் திறக்கலங்க."

"உன்னை மாதிரி இல்ல போல. நீ பிறந்தப்பவே திறந்துட்ட."

"ரெண்டே வாரம் பொறுங்க. அப்புறம் பாருங்க."

"நாலு வருஷம் பொறுத்தவன், ரெண்டு வாரம் பொறுக்க மாட்டேனா" என்றார்.

அவள் எல்லாவற்றையும் தயார் செய்தாள். கையால் சுற்றுகிற அரைவை மெஷின், வடிகட்டி, காகிதம், கூடத்து வெள்ளைக் கிண்ணங்களில் ஒன்று, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். வார்டு நர்ஸிடம் வெந்நீருக்குச் சொல்லி வைத்தாள். டின் மட்டும் வீட்டு அலமாரியில் இருந்தது. காலையில் எழுந்ததும் மூடியைக் கொஞ்சம் தூக்கி முகர்வாள். நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு மூடிவிடுவாள். அங்கே அவர் நாளுக்கு நாள் இளைத்தார். முதலில் சாப்பாடு குறைந்தது, பிறகு பேச்சு குறைந்தது.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் வழிமறித்துக்கொண்டாள்.

"அந்தக் கருமத்தை இன்னைக்கே போட்டுக் குடுத்துத் தொலையேன்."

"இன்னும் பச்சையா இருக்கு அண்ணி. உங்களுக்குக் காப்பியைப் பத்தித் தெரியாது."

"எனக்குக் காப்பி தெரியாதும்மா. என் தம்பியைத் தெரியும்."

உறிஞ்சக்கா அவளைத் தாண்டிக்கொண்டு படியிறங்கினாள். வழியெல்லாம் அந்தப் பேச்சு காதில் கேட்டுக்கொண்டே வந்தது. மறுநாளாவது டின்னை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கைப்பையில் போட்டும் விட்டாள். வாசல் வரைக்கும் வந்து, கடைசியாக ஒரு தடவை முகர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமே கொஞ்சம் என்று சொல்லித் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டாள். கைக்கு வந்ததைக் கொடுக்காமல் நல்லதாகக் கொடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்த அந்தக் கையை அவள் பிறகு எத்தனையோ தடவை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டு வாரம் ஆகவில்லை. அதற்குள் ஒரு காலையில், நர்ஸ் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, அவர் போய்விட்டார். உறிஞ்சக்கா பக்கத்தில்தான் இருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டிலைக் காலி செய்யும்போது அடியில் இருந்த துணிப்பையை நர்ஸ் எடுத்து நீட்டினார். அதில் அந்தக் கிண்ணம் ஒரு தடவைகூட நனையாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கதறினாள்.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். அவர் மலையிலிருந்து கொண்டுவந்த சட்டைப் பையில் நூல்கண்டு இருந்தது, வெயிலில் நிறம் மங்கி. அண்ணி அதை எடுத்து மெஷின்மேல் பழைய இடத்திலேயே வைத்தாள். டின்னை யாரும் தொடவில்லை. கூடத்திலிருந்து முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு, எப்போது வர முடியுமோ அப்போது வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணி மாடிக்கு ஏறி வந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் சேலை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் சொன்னாள். உறிஞ்சக்கா வீட்டுக்குக் குளிக்க வந்திருந்த ஒரு நாளில் அண்ணி அலமாரியிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் எல்லாச் சாமானும் தயாராக இருந்ததே. வெந்நீர்கூட வாங்கி வந்துவிட்டாளாம்.

உறிஞ்சக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. "குடிச்சாரா அண்ணி?"

"இல்லம்மா."

அவர் டின்னை வாங்கி மார்மேல் வைத்துக்கொண்டு, தானே மூடியைத் திறந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு முகர்ந்திருக்கிறார். மறுபடியும் முகர்ந்திருக்கிறார். பிறகு அந்த உடம்போடு சிரித்தாராம்.

"'அக்கா, ஆரஞ்சுக்கா இது'ன்னான். 'அவகிட்ட சொல்லிடாத. குடிக்கிறப்ப நான்தான் சொல்லணும். அவ முகத்தைப் பாக்கணும்'னான். நான் எவ்வளவோ சொன்னேன், ஒரு வாய் குடிடான்னு. 'அவ குடுக்கட்டும்'னு மூடி என் கையில குடுத்துட்டான்."

ஆரஞ்சு என்று உறிஞ்சக்கா ஒருத்தரிடமும் சொன்னதில்லை. முதலாளியம்மாவிடம் சொன்னதில்லை, அண்ணியிடம் சொன்னதில்லை, தூக்கத்தில்கூட உளறியிருக்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து எத்தனை கிண்ணம் நீட்டியிருப்பாள், எத்தனை தடவை அந்த ஒரே பதிலைக் கேட்டுச் சிரித்திருப்பாள். கடைசியில் மனிதர் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். ஜெயித்ததைச் சொல்ல இவளுக்காகக் காத்திருந்தார். இவள் கொட்டை வாய் திறக்கக் காத்திருந்தாள். அவள் தரையில் குனிந்து அழுதாள். அண்ணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இருவரும் நன்றாக இருட்டுகிற வரைக்கும் அப்படியே கிடந்தார்கள்.

மறுநாள் காலை உறிஞ்சக்கா டின்னைத் திறந்தாள். மூடியை எடுத்ததும் அறை முழுக்க வாசனை எழுந்தது. நன்றாகத் திறந்துகொண்டிருந்தது. அரைத்து, வடிகட்டி, இரண்டு கப் எடுத்தாள். ஒன்றை அப்படியே வைத்தாள். இன்னொன்றில், தொழிலுக்கு வந்த நாளாகச் செய்யாத காரியமாக, பாலை ஊற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சர்க்கரையைப் போட்டாள். அண்ணி கீழேயிருந்து வந்து அதைப் பார்த்தாள். அந்தக் கப்பைச் சுவரோரமாக அவர் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, உறிஞ்சக்கா தன்னுடையதை எடுத்துக் குடித்தாள். உறிஞ்சவில்லை. சத்தமே வராமல் ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். இருபது வருஷத்தில் எத்தனையோ மலைகளை ருசி பார்த்த நாக்கு அது. இப்படி ஒரு காப்பியை அது பார்த்ததில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் அண்ணி.

அவள் கூரையைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"காப்பி மாதிரி இருக்கு அண்ணி" என்றாள்.

அடுத்த பூவுக்கு அவள் மலைக்குப் போனாள். சரிவு முழுக்க வெள்ளையாக இருந்தது, வாசனை உண்மையிலேயே தாங்க முடியவில்லை. அவர் நின்று போன் பேசிய பாறையைப் பார்த்தாள்; ஏறவில்லை. லாரிக்கார நண்பர் குடும்பம் இப்போது செடிகளைப் பார்த்துக்கொள்கிறது. பறிக்கிற காலத்தில் உறிஞ்சக்காவும் அண்ணியும் சேர்ந்து போகிறார்கள், புது நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு. வந்த சரக்கைக் கூடத்திலேயே வறுத்து விற்கிறார்கள். நல்ல பெயர். வெளியூரிலிருந்தெல்லாம் தேடி வந்து வாங்குகிறார்கள்.

ஆனால் முதலாளியம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை. வறுத்த அன்றைக்கே பாக்கெட்டை ஆள் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். தொழிலைக் கெடுக்கிறாயே என்று முதலாளியம்மா கத்துவார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், காப்பியைப் பற்றி நிறையப் படித்தவள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வறுத்த தேதி இன்றைக்குத்தானே போட்டிருக்கிறது, இரண்டு வாரம் வைத்துத்தானே குடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

"ஆமாம்மா. வெச்சா ரொம்ப நல்லா இருக்கும்" என்றாள் உறிஞ்சக்கா. கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து, பாக்கெட்டை அவள் கையில் வைத்து, கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "வீட்ல யாரு இருக்கா?"

அப்பா இருக்கிறார் என்றாள் அந்தப் பெண்.

"அப்போ அவருக்கு இன்னைக்கே ஒரு கப் போட்டுக் குடுத்துடு. மிச்சத்தை வெச்சுக்கலாம். சர்க்கரை கேட்டா அதையும் போட்டுக் குடு."